மார்மைட் போத்தலும் லூசி வில்ஸ் அம்மையாரும்

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் மார்மைட் போத்தல் ஒன்று எப்போதும் இருக்கும். காய்ச்சல் கண்டு வாய் கசந்து கிடக்கும்போது அம்மா வெறும் கஞ்சியில் அதைக் கரண்டி நுனியளவு கலந்து கொடுப்பார். தார் போன்ற நிறம், கரிப்புச் சுவை, நாக்கில் ஒட்டிக்கொள்ளும் பிசுபிசுப்பு. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் தோழிகள் சீனர் கடைகளில் மார்மைட் கோழி வாங்கிச் சாப்பிடுவார்கள். நான் சைவம் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து வாசனை பிடித்ததோடு சரி. அந்தப் போத்தலுக்கும் பம்பாயின் ஏழைக் கர்ப்பிணிகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது, நானே தாயாக ஆசைப்பட்ட பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

பிள்ளைக்குத் திட்டமிடுகிறோம் என்று சொல்லி ஒரு கிளினிக்கிற்குப் போனேன். எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள். உடல் நிறைச் சுட்டெண், அதாவது பி.எம்.ஐ., 31 என்று வந்தது. எடை கூடுதலாக இருப்பதால் ஃபோலிக் அமிலம் தினமும் 5 மில்லிகிராம் வேண்டும் என்று மஞ்சள் மாத்திரைகளைத் தந்தார்கள். சில வாரங்கள் கழித்து இன்னொரு மருத்துவரைப் பார்த்தபோது, 0.4 மில்லிகிராம் போதுமே, ஏன் இவ்வளவு என்று அவர் புருவத்தை உயர்த்தினார். ஒன்றுக்கு மற்றொன்று பன்னிரண்டரை மடங்கு! அரிசிக்குத் தண்ணீர் வைப்பதில்கூட இவ்வளவு வித்தியாசத்தை யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். வயிற்றில் வளரப்போகும் குழந்தையின் முதுகுத்தண்டு சம்பந்தப்பட்ட விஷயம் வேறு. இரவில் தூக்கம் வரவில்லை. இந்த மாத்திரை எங்கிருந்து வந்தது, அளவை யார் நிர்ணயித்தார்கள் என்று தேடத் தொடங்கியபோதுதான் லூசி வில்ஸ் அம்மையாரை நான் சந்தித்தேன்.

அவர் 1888ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். வசதியான குடும்பம். தந்தை அறிவியல் பட்டதாரி. தாய்வழித் தாத்தா பர்மிங்ஹாமில் பெயர்பெற்ற மருத்துவர். பெண்களுக்கு உயர்கல்வி எதற்கு என்று கேட்காத வீடு அது. செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் படித்து, 1907இல் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் நிலவியலும் கற்றார். 1911இல் இறுதித் தேர்வில் மூன்றாம் வகுப்பில்தான் தேறினார். தேர்வு முடிவைப் பார்த்து மனம் உடைந்து போயிருக்கும் இளையவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம். அப்படித் தேறியும் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தரவில்லை. அங்கே ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கு முழுப் பட்டம் கிடைக்க 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1911இல் தந்தையை இழந்தார். 1913இல் மூத்த சகோதரியும் 26 வயதில் மறைந்தார். அந்த ஆண்டு தாயும் மகளுமாகக் கப்பலேறி இலங்கைக்குச் சென்றார்கள். அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்கா. அங்கிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. கேப் டவுனில் தாதியாகத் தொண்டு செய்தவர், மருத்துவம்தான் தன் வழி என்று முடிவெடுத்து, 1915 ஜனவரியில் லண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1920இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 32. தனியாக மருத்துவமனை நடத்திப் பொருளீட்ட அவர் விரும்பவில்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் கர்ப்பிணிகளின் உடலில் நிகழும் வேதி மாற்றங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் மார்கரெட் பால்ஃபர் என்ற பெண் மருத்துவர். பிரசவத்தில் தாய்மார்கள் ஏன் இவ்வளவு பேர் இறக்கிறார்கள் என்று அறிய ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. 1928இல் லூசி பம்பாய் வந்து சேர்ந்தார். பரேல் பகுதியிலுள்ள ஹாஃப்கின் நிறுவனத்தில் அவருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. சுற்றிலும் நெசவாலைகள். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் பெண்கள் கருவுற்ற பிற்பகுதியில் வெளிறி, வீங்கி, மூச்சு வாங்கி வந்து சேர்வார்கள். பலர் பிழைக்கவில்லை. இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், ஒவ்வொன்றும் அளவில் பெருத்தும் இருந்தன.

பார்வைக்கு இது மருத்துவ உலகம் முன்பே அறிந்த பெர்னீஷியஸ் சோகை என்ற நோயைப் போலவே இருந்தது. அந்த நோய்க்கு ஈரலை உண்ணக் கொடுத்தால் குணமாகும் என்று அமெரிக்காவில் மைனாட்டும் மர்ஃபியும் 1926இல் காட்டியிருந்தார்கள். அதனால் பம்பாய் நோய்க்கும் கர்ப்பகாலப் பெர்னீஷியஸ் சோகை என்றே பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்துவிட்டால் நோயைப் புரிந்துகொண்டதாக நினைத்துக்கொள்வது மனித இயல்பு. லூசி அப்படி நினைக்கவில்லை. இந்தப் பெண்களின் வயிற்றில் அமிலம் சுரந்தது. உண்மையான பெர்னீஷியஸ் சோகையில் அது சுரக்காது. அந்த நோயில் நரம்புகள் சிதையும். இவர்களுக்கு அது இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்று அவருக்குத் தோன்றியது.

முதலில் தொற்றுக் கிருமியாக இருக்குமோ என்று தேடினார். கிடைக்கவில்லை. பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். தல்பாடே என்ற இந்தியப் பெண்மணியுடன் சேர்ந்து அவர் பம்பாய்ப் பெண்களின் உணவையும் வாழ்நிலையையும் கணக்கெடுத்து 1930இல் வெளியிட்டார். எந்தச் சமூகத்தில், எந்த வருமானத்தில், யார் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தபோது ஒரு படம் தெளிந்தது. சோகை அதிகமாகத் தாக்கியது ஏழை முஸ்லிம் பெண்களை. அவர்கள் உணவில்தான் காய்கறியும் பழமும் பாலும் மிகக் குறைவாக இருந்தன. நோய் கிருமியில் இல்லை, தட்டில் இருக்கிறது என்ற சந்தேகம் வலுத்தது.

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை லூசி தம் ஆய்வை நீலகிரிக்கு மாற்றிக்கொண்டார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் உணவியல் ஆய்வுகளுக்குப் புகழ்பெற்ற ராபர்ட் மக்கேரிசன் இருந்தார். 1931இன் தொடக்கத்தில் சென்னை திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். இன்று அது கஸ்தூரிபா காந்தி தாய்சேய் மருத்துவமனை. பழைய சென்னைவாசிகளுக்கு இன்னமும் கோஷா ஆஸ்பத்திரிதான். ஆண் மருத்துவரிடம் வரத் தயங்கிய பெண்களுக்காக 1885இல் அதைத் தொடங்கிய மேரி ஷார்லிப், லூசி பயின்ற அதே லண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் அவருக்கு முன்னே படித்தவர். அதற்கும் முன்னே சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற முதல் பெண்களில் ஒருவர். ஒரு பெண் திறந்த கதவு வழியாக இன்னொரு பெண் அரை நூற்றாண்டு கழித்து நுழைந்திருக்கிறார்.

உணவே காரணம் என்று நிரூபிக்க விலங்குச் சோதனை தேவைப்பட்டது. பம்பாய்ப் பெண்களின் உணவையே எலிகளுக்குக் கொடுத்தார். கருவுற்ற எலிகளுக்குச் சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தபோது வரவில்லை. வெற்றி என்று கொண்டாட வேண்டிய நேரம். ஆனால் எலிகளின் சோகைக்குப் பேன்கள் வழியே பரவும் பார்ட்டொனெல்லா என்ற கிருமியும் காரணம் என்று பின்னர் தெரியவந்தது. அந்தச் சோதனையை வைத்து மனிதர்களைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. லூசி எலிகளை விட்டுக் குரங்குகளுக்கு மாறினார். அதே உணவைத் தின்ற குரங்குகளுக்கும் பெருத்த சிவப்பணுக்களுடன் கூடிய சோகை வந்தது. நலிந்த குரங்குக்கு மார்மைட் கொடுத்தபோது அது தேறியது.

மார்மைட் என்பது வேறொன்றுமில்லை. பீர் வடித்த பிறகு மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுத்த சாறு. பீர் ஆலைகள் நிறைந்த பர்ட்டன் நகரில் 1902இல் இந்தத் தொழில் தொடங்கியது. ஈரல் சாறு விலை கூடியது, சைவர்கள் தொட மாட்டார்கள். மார்மைட் மலிவு, யாரும் மறுக்க மாட்டார்கள். லூசி அதைப் பம்பாய்க் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். சில நாட்களிலேயே இரத்தத்தில் புதிய சிவப்பணுக்கள் தோன்றத் தொடங்கின. எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர்கள் தேறினார்கள். 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் முடிவுகளை வெளியிட்டார்.

அந்த ஈஸ்ட் சாற்றில் இருந்தது எது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அது எது அல்ல என்பதை அவரால் காட்ட முடிந்தது. 1937இல் இரு சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட கட்டுரையில், நன்கு சுத்திகரித்த ஈரல் சாறு பெர்னீஷியஸ் சோகையைக் குணப்படுத்தினாலும் தம் குரங்குகளைக் குணப்படுத்தவில்லை என்று எழுதினார். அப்படியானால் இங்கே இருப்பது இரண்டு வேறு பொருள்கள். ஈரலின் பொருள் பின்னாளில் வைட்டமின் பி12 என்று பெயர் பெற்றது. ஈஸ்டின் பொருளுக்கு, வேறு பெயர் கிடைக்கும்வரை, வில்ஸ் காரணி என்றே மருத்துவர்கள் பெயரிட்டார்கள்.

வேறு பெயர் 1941இல் கிடைத்தது. அமெரிக்காவில் டன் கணக்கில் பசலைக்கீரையைப் பிழிந்து பிரித்தெடுத்த பொருளுக்கு, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த லெடர்லி ஆய்வுக்கூடக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த தெலுங்கர். கதர் உடுத்தியதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் தாழ்ந்த சான்றிதழுடன் வெளியேறியவர். பட்டம் மறுக்கப்பட்ட இருவரின் கைகள் ஒரே மாத்திரையில் இருக்கின்றன என்பதை நினைக்க எனக்கு வியப்பாக இருக்கிறது.

லூசியின் மற்ற ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போர்க்காலத்தில் லண்டனிலேயே இருந்தார். 1944 ஜூலையில் ராயல் ஃப்ரீ மருத்துவமனை மீது பறக்கும் குண்டு விழுந்து ஆய்வுக்கூடம் முடங்கியது. 1947இல் ஓய்வு பெற்ற பின்னும் ஜமைக்கா, பிஜி, தென்னாப்பிரிக்கா என்று சென்று, மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வேலைக்குச் சைக்கிளில் போவார். பனிச்சறுக்கும் மலையேற்றமும் பிடிக்கும். ஆடம்பரம் பிடிக்காது. கடைசிப் பத்தாண்டுகளில் செல்சி நகரமன்றத்தில் தொழிற்கட்சி உறுப்பினராக இருந்தார். 1964 ஏப்ரல் 16ஆம் நாள் மறைந்தார்.

அடுத்த ஆண்டு, 1965இல், லிவர்பூலைச் சேர்ந்த ஹிப்பார்டும் ஸ்மிதெல்ஸும், முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகளின் தாய்மார்களிடம் ஃபோலேட் குறைபாடு இருப்பதாக லான்செட் இதழில் எழுதினார்கள். கருவின் நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிடும். தான் கர்ப்பம் என்று பெண் அறிவதற்கு முன்பே பெரும்பாலும் அந்த வேலை முடிந்துவிடுகிறது. அதனால்தான் மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். 1991இல் வெளியான பிரிட்டிஷ் சோதனை, முன்பு இக்குறைபாட்டுடன் குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் கொடுத்தால், மீண்டும் அது நேரும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. கடையில் கிடைத்த மாத்திரை 5 மில்லிகிராம் என்பதால் நடைமுறையில் அதுவே நிலைத்தது. மற்றப் பெண்களுக்கு 0.4 மில்லிகிராம் என்று 1992இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரிந்துரைத்தார்கள்.

எடை கூடியவர்கள் எங்கே வந்தார்கள்? 1996இல் ஓர் அமெரிக்க ஆய்வு, 70 கிலோவுக்குக் குறைந்த பெண்களுக்கு 0.4 மில்லிகிராம் தந்த பாதுகாப்பு அதற்கு மேற்பட்டவர்களிடம் தென்படவில்லை என்றது. பருமனான தாய்மார்களின் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1.7 மடங்கு என்று 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவதில் 1.7 மடங்கு, பயந்து நடுங்க வேண்டியதில்லை, அலட்சியப்படுத்தவும் முடியாது. அதே அளவு மாத்திரை சாப்பிட்டாலும் பெரிய உடலில் இரத்தத்தின் ஃபோலேட் அளவு குறைவாகவே காணப்படுகிறது. இவற்றை வைத்து, பி.எம்.ஐ. 30ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 5 மில்லிகிராம் என்று பிரிட்டனின் மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2018இல் பரிந்துரைத்தது. ஆனால் பருமனான பெண்களை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு 0.4, மறு குழுவுக்கு 5 கொடுத்து, பிறந்த குழந்தைகளை ஒப்பிட்டு அந்தப் பரிந்துரை வரவில்லை. அதே பிரிட்டனில் நைஸ் என்ற அமைப்பு 2025இல், எடையை மட்டும் காரணமாகக் கொண்டு 0.4ஐத் தாண்ட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. முன்பு பாதிக்கப்பட்ட கர்ப்பம், நீரிழிவு, சில வலிப்பு மருந்துகள் போன்ற காரணங்கள் இருப்பவர்களுக்குத்தான் பெரிய அளவு.

ஆக எனக்கு முரண்பட்ட ஆலோசனை சொன்ன இருவரும் தவறு செய்யவில்லை. வெவ்வேறு ஆண்டின் ஏட்டைப் புரட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். எனக்கு உறுத்தியது வேறு. இருவருமே என் எடையைக் கேட்டார்கள். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாவதாக ஒரு மருத்துவரிடம் போனேன். நீரிழிவு உண்டா, வலிப்பு மருந்து உண்டா என்று கேட்டுவிட்டு, அவர் கேட்டது அதைத்தான். சிறுவயது முதல் சைவம், முட்டையும் இல்லை, பாலும் கோப்பியில் ஊற்றும் அளவுதான் என்றேன். உடனே பி12 சோதனைக்கு அனுப்பினார். அளவு குறைவாக வந்தது. அதிக ஃபோலிக் அமிலம் எடுத்தால் பி12 குறைபாட்டால் வரும் சோகை மறைந்துவிடும், ஆனால் நரம்புச் சிதைவு உள்ளே தொடரும் என்று அவர் விளக்கினார். இரத்தம் நன்றாக இருக்கிறதே என்று எல்லாரும் இருந்துவிடுவார்களாம். பம்பாயில் லூசி இரண்டு சோகைகளுக்கும் நடுவே இழுத்த கோடு, என் பரிசோதனைத் தாளின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு 0.4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும், தனியாகப் பி12ம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். இது எனக்கானது, உங்கள் தட்டையும் இரத்தத்தையும் பார்த்துத்தான் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டும். செய்தி கேட்டு அம்மா வந்தபோது பையில் புதிய மார்மைட் போத்தல் இருந்தது. லூசி கொடுத்த மார்மைட்டில் பி12 கிடையாது, ஈஸ்டில் அது இல்லை. அந்தக் குறைதான் அவருடைய ஆதாரமாகவும் இருந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். இப்போது பிரிட்டனில் தயாராவதில் ஃபோலிக் அமிலத்தோடு பி12ஐயும் சேர்க்கிறார்கள். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலின் பின்பக்கச் சீட்டைப் படிக்கத் தொடங்கினார்.